லினக்ஸ் வைஃபை டிரைவர்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

"வைஃபை வேலை செய்யவில்லை" என்று ஒரே வரியில் வரும் புகாருக்குப் பின்னால் கழன்றுபோன ஆன்டெனா வயரும் இருக்கலாம், கோடில் தப்பான இடத்தில் எடுத்த ஒரு பூட்டும் (lock) இருக்கலாம். இரண்டையும் பலமுறை பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து யோசிப்பதை நிறுத்த, அறிகுறி வாரியாக எழுதி வைத்துக்கொண்ட குறிப்புதான் இது. லினக்ஸ் கெர்னலில் வைஃபை டிரைவர் எழுதுகிறவர்களுக்கும், யாரோ எழுதிய டிரைவரைப் பராமரிக்கிறவர்களுக்கும் பயன்படும். மேக்80211 (கெர்னலில் டிரைவருக்கு மேலே இருக்கும் பொது வைஃபை அடுக்கு) எப்படி அமைந்திருக்கிறது என்ற பாடம் இதில் கிடையாது. உங்கள் அறிகுறியைத் தேடிப் போங்கள். அங்கே காசு செலவில்லாத சோதனை முதலில் இருக்கும், கஷ்டமானது கடைசியில் இருக்கும்.

எல்லா இடத்திலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: காணாமல்போன ஃப்ரேமை (வைஃபையில் போகும் ஒரு தகவல் துண்டை) கடைசியாகப் பார்த்தது யார்? அப்ளிகேஷனா, மேக்80211ஆ, டிரைவரா, சிப்பா, காற்றா, எதிர்ப்பக்க ஆக்சஸ் பாயின்டா (ரௌட்டர் மாதிரி வைஃபை தரும் பெட்டி)? இதற்குப் பதில் கிடைக்காமல் கோடில் கைவைத்தால், பிழை இடம் மாறுமே தவிரப் போகாது.

## முதலில் கையில் இருக்க வேண்டியவை

இன்னொரு வைஃபை கார்டு, மானிட்டர் மோடில், அதாவது காற்றில் போகும் ஃப்ரேம்களை ஒட்டுக்கேட்கும் நிலையில். காற்றில் உண்மையில் என்ன போகிறது என்று உங்கள் டிரைவரிடமே கேட்கக் கூடாது; பிழை இருப்பதே அதில்தான்.

சொந்தமாக ஒரு ஆக்சஸ் பாயின்ட், ஹோஸ்ட்ஏபிடி (மெஷினை ஆக்சஸ் பாயின்டாக்கும் புரோகிராம்) ஓடும் ஏதாவது ஒரு பழைய மெஷின் போதும். வீட்டு ரௌட்டரில் மாற்ற முடியாத நேர அளவுகளையெல்லாம் அதில் மாற்றலாம். இதன் அருமை கீழே தெரியும்.

டீபக் கெர்னல் ஒன்று. அதில் காசான் (நினைவகப் பிழைகளைப் பிடிக்கும்), லாக்டெப் (பூட்டு எடுக்கும் வரிசைப் பிழைகளைப் பிடிக்கும்), அட்டாமிக் இடத்தில், அதாவது காத்திருக்கவே கூடாத இடத்தில், தூங்குவதைக் கண்டுபிடிக்கும் சோதனை, டிஎம்ஏ (சிப் நேராக நினைவகத்தில் எழுதுவது) ஏபிஐ டீபக், கேமெம்லீக் (விடுவிக்காத நினைவகத்தைக் காட்டும்) எல்லாம் இயங்க வேண்டும். வேகம் குறையும், பரவாயில்லை. மெஷின் உறைந்தாலும் லாக் வெளியே வர சீரியல் கன்சோல் வேண்டும், இல்லையென்றால் ஈதர்நெட் வழியாக நெட்கன்சோல். சோதிக்கும் வைஃபை வழியாகவே லாக் அனுப்ப நினைக்காதீர்கள்.

அப்புறம் மேக்80211 ஹெச்டபிள்யூசிம் மாட்யூல். கார்டே இல்லாமல் கெர்னலுக்குள் போலி ரேடியோக்களை உருவாக்கும். உங்கள் பிழை அதிலும் வந்தால் டிரைவர் குற்றவாளி இல்லை, மேலே தேட வேண்டும். பத்து நிமிட வேலை. பல நாட்களை மிச்சப்படுத்தியிருக்கிறது.

## அறிகுறி 1: இன்டர்ஃபேஸே வரவில்லை

எல்எஸ்பிசிஐ அல்லது எல்எஸ்யூஎஸ்பி பட்டியலில் கார்டு இல்லை. டிரைவரைத் திறக்காதீர்கள். கார்டைக் கழற்றி மாட்டுங்கள், வேறு ஸ்லாட்டில், வேறு மெஷினில் போட்டுப் பாருங்கள், பயாஸில் முடக்கியிருக்கிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி டாங்கிள் என்றால் இன்னொன்று: சில டாங்கிள்கள் முதலில் தங்களை சிடி டிரைவ் என்று அறிமுகம் செய்துகொள்ளும், உள்ளே வேறு ஓஎஸ்ஸுக்கான டிரைவர் ஃபைல் இருக்கும். யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் அதைத் தட்டி எழுப்பிய பிறகுதான் வேறு ஐடியோடு வைஃபை கார்டாக வரும்.

பட்டியலில் இருக்கிறது, ஆனால் எந்த டிரைவரும் ஒட்டவில்லை. எல்எஸ்பிசிஐயை கே சுவிட்சோடு ஓட்டினால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியும். யாருமில்லை என்றால் மாட்இன்ஃபோவில் உங்கள் மாட்யூலின் ஏலியஸ் வரிகளில் அந்த ஐடி இருக்கிறதா, பிளாக்லிஸ்ட் ஃபைலில் மாட்யூல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஐடி இல்லையென்றால் சிஸ்எஃப்எஸ்ஸில் டிரைவரின் நியூ ஐடி ஃபைலில் எழுதி உடனே சோதிக்கலாம். ஆனால் அது ஒட்டிவிட்டது என்பதற்காக ஐடி பட்டியலில் ஒரு வரி சேர்த்து பேட்ச் அனுப்பிவிட வேண்டாம். ஒரே குடும்பத்துச் சிப்பாக இருந்தாலும் ரேடியோ பகுதியும் அளவீட்டு அட்டவணையும் மாறியிருக்கலாம். ஸ்கேன், இணைப்பு, வேகம் மூன்றையும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் பார்த்த பிறகு அனுப்புங்கள்.

டிரைவர் ஒட்டியது, புரோப் (டிரைவர் கார்டைத் தயார் செய்யும் முதல் படி) தோற்றது. டிமெசேஜில் (கெர்னல் லாக்) எரர் எண்ணைப் பாருங்கள்.

-2 என்றால் கேட்ட ஃபைல் இல்லை. பெரும்பாலும் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் புரோகிராம்). லாக்கில் வரும் பெயரும் ஃபர்ம்வேர் டைரக்டரியில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். ஃபைல் அங்கேயே இருக்கிறது, ஆனாலும் -2 வருகிறதா? டிரைவரை மாட்யூலாக இல்லாமல் கெர்னலோடு சேர்த்து பில்ட் செய்திருப்பீர்கள். ரூட் பார்ட்டிஷன் மவுண்ட் ஆவதற்கு முன்பே புரோப் ஓடி, அந்த நேரத்தில் ஃபைல் கண்ணில் பட்டிருக்காது. மாட்யூலாக மாற்றுங்கள், அல்லது ஃபர்ம்வேரை இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேருங்கள்.

-110 என்றால் கேட்டதற்குச் சிப் நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை. பிசிஐ கார்டில் பெரும்பாலும் இன்டரப்ட் (சிப் சிபியூவைக் கூப்பிடும் சிக்னல்) வரவில்லை என்று அர்த்தம். ப்ராக் இன்டரப்ட்ஸ் ஃபைலை இரண்டு முறை பாருங்கள், உங்கள் வரியில் எண் ஏறுகிறதா? ஏறவில்லை என்றால் எம்எஸ்ஐ (இன்டரப்டை பஸ் வழியாகச் செய்தியாக அனுப்பும் முறை) இல்லாமல் பூட் செய்து பாருங்கள். அப்படி வேலை செய்தால் எம்எஸ்ஐயை நீங்கள் செட் செய்யும் வரிசையில்தான் கோளாறு. எண் தாறுமாறாக ஏறி, கடைசியில் "யாருமே கவனிக்கவில்லை" என்று கெர்னல் புலம்பி அந்த ஐஆர்க்யூவை (இன்டரப்ட் வரியை) மூடிவிடுகிறதா? கடைசி 1,00,000 இன்டரப்ட்களில் 99,900க்கு மேல் யாரும் சொந்தம் கொண்டாடாவிட்டால் கெர்னல் அப்படிச் செய்யும். உங்கள் ஹேண்ட்லர் சிப்பின் ஸ்டேட்டஸை அழிக்காமல் திரும்புகிறது, அல்லது தன்னுடையதைத் தன்னுடையது இல்லை என்கிறது.

யூஎஸ்பியில் -71 வந்தால் வயர், ஹப், மின்சாரம். நல்ல போர்ட்டில் நேராகச் செருகிப் பார்க்காமல் கோடைப் பார்க்க வேண்டாம்.

மாட்யூலே ஏற மறுக்கிறது. தெரியாத சிம்பல், வெர்ஷன் மேஜிக் பொருந்தவில்லை என்றால் ஓடும் கெர்னலும் பில்ட் செய்த கெர்னலும் வேறு வேறு. கீ நிராகரிக்கப்பட்டது என்றால் செக்யூர் பூட். மாட்யூலுக்குக் கையெழுத்திட வேண்டும்.

## அறிகுறி 2: இன்டர்ஃபேஸ் இருக்கிறது, ஸ்கேனில் ஒன்றுமில்லை

ஆர்எஃப்கில் (ரேடியோவை முடக்கும் சுவிட்ச்களின் நிலை) பட்டியல்தான் முதல் சோதனை. சாஃப்ட் பிளாக் என்றால் ஒரே கமாண்டில் திறக்கலாம். ஹார்டு பிளாக் என்றால் சுவிட்ச், அல்லது கார்டின் பின்னில் வரும் முடக்கு சிக்னல். லேப்டாப்பில் சுவிட்சே இல்லை, ஆனாலும் ஹார்டு பிளாக் காட்டுகிறதா? அந்த லேப்டாப்புக்கான பிளாட்ஃபார்ம் டிரைவர் தப்பாகச் சொல்கிறதா என்று அந்த மாட்யூலைக் கழற்றிப் பாருங்கள். இன்டர்ஃபேஸை எழுப்பும்போது எரர் 132 வந்தாலும் இதேதான்.

பக்கத்து மேசையில் இருக்கும் ஆக்சஸ் பாயின்ட் மட்டும் தெரிகிறது, அதுவும் -80 டிபிஎம் அளவில் என்றால் ஆன்டெனா கனெக்டர் கழன்றிருக்கிறது. அவ்வளவு அருகில் -40 வாக்கில் வர வேண்டும். திறந்து அழுத்திவிட்டால் முடிந்தது.

சில சேனல்கள் மட்டும் காணவில்லை என்றால் ரெகுலேட்டரி, அதாவது நாட்டுக்கு நாடு மாறும் ரேடியோ விதி. ஐடபிள்யூ ரெக் கெட் (iw reg get) கமாண்டை ஓட்டுங்கள். நாட்டுக் குறியீடு 00 என்று வந்தால் உலகப் பொது விதி ஓடுகிறது: 12, 13 சேனல்களிலும் 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதியிலும் கார்டு தானாகப் பேசாது, கேட்க மட்டும் செய்யும். லினக்ஸ் 4.15 முதல் கெர்னலே ரெகுலேட்டரி டேட்டாபேஸ் ஃபைலை நேரடியாகப் படிக்கிறது. அந்த ஃபைல் இல்லையென்றாலும் இதே 00தான். 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ரேடார் விதி உண்டு. அங்கே ஆக்சஸ் பாயின்ட் மோடில் தொடங்கும்போது குறைந்தது 60 விநாடி சும்மா காத்திருப்பது பிழை இல்லை, விதி.

இந்தக் கட்டுப்பாடுகளை டிரைவரில் கழற்றிவிடும் பேட்ச்கள் அவ்வப்போது வரும். நான் ஒன்றைக்கூட எடுத்ததில்லை. வானிலை ரேடார்மீது போய்ச் சத்தம் போடும் கார்டு யாருக்கும் நல்லதில்லை.

முதல் ஸ்கேன் நன்றாக ஓடி, அப்புறம் எல்லா ஸ்கேனும் -16 ("வேறு வேலையில் இருக்கிறேன்") கொடுக்கிறதா? இது கோட். ஹார்டுவேர் ஸ்கேனைத் தொடங்கிய டிரைவர், முடிந்ததென்று மேக்80211க்குச் சொல்லவே இல்லை. சாதாரணப் பாதையில் எல்லோரும் சரியாக எழுதிவிடுவோம். ஸ்கேன் நடக்கும்போதே இன்டர்ஃபேஸை இறக்கினால்? ஃபர்ம்வேர் விழுந்தால்? ரத்து செய்யச் சொன்ன அதே நேரத்தில் சிப்பிடமிருந்து "முடிந்தது" என்று வந்தால்? இந்த மூன்றிலும் "முடிந்தது" என்பது ஒரே ஒரு முறை, கட்டாயம் போக வேண்டும். ஸ்கேன் தொடங்கி அரை விநாடியில் இன்டர்ஃபேஸை இறக்கும் ஒரு ஷெல் லூப்பை இரவு முழுக்க ஓடவிடுங்கள்.

## அறிகுறி 3: நெட்வொர்க் தெரிகிறது, சேர முடியவில்லை

பாஸ்வேர்டை மறுபடி தட்டுங்கள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, காரணக் குறியீடு 15, அதாவது நான்கு படிக் கைகுலுக்கல் (இரண்டு பக்கமும் குறியாக்கக் கீயை ஒத்துக்கொள்ளும் உரையாடல்) நேரம் கடந்தது என்று வந்தால், முக்கால்வாசி நேரம் பாஸ்வேர்ட்தான்.

அப்புறம் டிமெசேஜில் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்.

ஆதென்டிகேஷன் மூன்று முயற்சியும் முடிந்து டைம்அவுட். மானிட்டர் கார்டைப் பாருங்கள். நம் ஃப்ரேம் காற்றில் இல்லையென்றால், சிப் அந்தச் சேனலுக்கே மாறவில்லை அல்லது டிஎக்ஸ் ரிங் (அனுப்பும் வரிசை) நகரவில்லை. ஃப்ரேம் இருக்கிறது, அக் (கிடைத்தது என்ற ஒப்புதல்) வருகிறது, பதில் ஃப்ரேமும் வருகிறது, ஆனால் மேக்80211க்கு எட்டவில்லையா? ஆர்எக்ஸ் (பெறும் பக்க) ஃபில்டரில் எதையோ வெட்டிவிட்டீர்கள், அல்லது இன்டர்ஃபேஸின் மேக் முகவரியைச் சிப்பில் எழுத மறந்துவிட்டீர்கள். காற்றில் எல்லாம் ஒழுங்காக நடந்தும் டைம்அவுட் ஆனால், அக் நிலையைச் சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு மேனேஜ்மென்ட் ஃப்ரேம்களுக்கு அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

அசோசியேஷன் மறுக்கப்படுகிறது. ஸ்டேட்டஸ் குறியீடு காரணத்தைச் சொல்லும். பெரும்பாலும் நாம் விளம்பரம் செய்யும் திறன்களில் ஆக்சஸ் பாயின்டுக்கு ஒத்துவராத ஏதோ ஒன்று.

கைகுலுக்கலில் நிற்கிறது, பாஸ்வேர்ட் சரி. பாஸ்வேர்ட் இல்லாத திறந்த நெட்வொர்க் ஒன்றை உங்கள் ஹோஸ்ட்ஏபிடியில் உருவாக்கிச் சேருங்கள். அது வேலை செய்தால் சந்தேகம் கீ பக்கம் திரும்புகிறது. இப்போது செட் கீ கால்பேக்கில் "ஆதரவில்லை" என்று எரர் திருப்புங்கள். மேக்80211 குறியாக்கத்தைச் சாஃப்ட்வேரில் செய்துகொள்ளும். இதில் சேர்ந்துவிட்டால் பிழை உங்கள் ஹார்டுவேர் கிரிப்டோ பாதையில்தான், வேறெங்கும் தேட வேண்டாம். ஆர்எக்ஸில் கொடிகளைப் பாருங்கள். சிப் குறியாக்கத்தை நீக்கிவிட்டது என்கிறீர்கள், ஐவியையும் (குறியாக்கத்துக்காக முன்னால் வரும் சில பைட்டுகள்) சேர்த்து வெட்டிவிட்டதைச் சொல்ல மறந்தால், மேலே இருப்பவர் எட்டு பைட் தள்ளி வெட்டி ஃப்ரேமைச் சிதைத்துவிடுவார்.

## அறிகுறி 4: இணைப்பு இருக்கிறது, பாதிதான் வேலை செய்கிறது

என்னை அதிகம் அலைக்கழித்தது இந்த அறிகுறி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு டிரைவருக்கு இரண்டு விதமாகப் புகார் வந்தது. சிலர், "சேர்ந்து ஒரு மணிநேரம் நன்றாக இருக்கிறது, அப்புறம் வேறு மெஷினிலிருந்து இதற்குள் எஸ்எஸ்ஹெச் நுழையவில்லை, ஐபிவி6ம் போய்விடுகிறது" என்றார்கள். வேறு சிலர், "சேர்கிறது, ஐபி முகவரி கிடைக்கவில்லை; கொஞ்ச நேரம் விட்டுவிட்டால் தானாகக் கிடைத்துவிடுகிறது" என்றார்கள். இரண்டு தரப்பும் சொன்ன ஒரே பொது விஷயம், ரௌட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது என்பது. ரௌட்டர்மேல்தான் தப்பு என்று நாங்களும் நம்பினோம். பவர் சேவ் பக்கம் போய் இரண்டு வாரம் வீணாயிற்று.

பிடி கிடைத்தது ஒரு சின்ன விஷயத்தில். செத்துப்போனதாகச் சொன்ன மெஷினிலிருந்து வெளியே ஒரு பிங் போட்டால் போகிறது, பதிலும் வருகிறது. பிங் போட்ட உடனே, அந்த எதிர் மெஷினிலிருந்து எஸ்எஸ்ஹெச் நுழைகிறது! கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நின்றுவிடுகிறது. எதிர் மெஷினின் ஏஆர்பி அட்டவணையை (எந்த ஐபிக்கு எந்த மேக் முகவரி என்ற பட்டியல்) பார்த்தால், நின்றுபோன நேரங்களில் நம் முகவரி "முழுமையில்லை" என்று கிடக்கிறது.

ஏஆர்பி கேள்வி பிராட்காஸ்ட். ஐபிவி6 ரௌட்டர் அறிவிப்பு மல்டிகாஸ்ட். டிஹெச்சிபி பதிலும் சில சர்வர்களில் பிராட்காஸ்டாக வரும். ஆக, நமக்கென்று வரும் ஃப்ரேம் எல்லாம் வருகிறது, எல்லோருக்குமாக வரும் ஃப்ரேம் எதுவும் வரவில்லை. இரண்டுக்கும் வேறு வேறு கீ. எல்லோருக்குமான குரூப் கீயை ஆக்சஸ் பாயின்ட் அவ்வப்போது மாற்றும். ஒவ்வொரு முறையும் அதன் இன்டெக்ஸ் 1, 2, 1, 2 என்று மாறி மாறி வரும். எங்கள் டிரைவர், வரும் இன்டெக்ஸைப் பார்க்காமல் சிப்பின் அட்டவணையில் எப்போதும் 1 என்றே எழுதிக்கொண்டிருந்தது. 1 வந்த மணிநேரம் வேலை செய்யும், 2 வந்த மணிநேரம் சிப் ஃப்ரேமைத் தூக்கிப்போடும். இன்டெக்ஸ் 2 ஓடும்போது வந்து சேர்ந்தவருக்கு ஐபி கிடைக்காது. ரௌட்டரை அணைத்துப் போட்டால் எண்ணிக்கை மறுபடி 1லிருந்து தொடங்கும். எல்லாப் புகாரும் ஒரே வரியில் வந்து நின்றது. திருத்தமும் ஒரே வரிதான்.

நீங்கள் செய்ய வேண்டிய சோதனை: ஹோஸ்ட்ஏபிடியில் குரூப் கீ மாற்றும் இடைவெளியை 30 விநாடியாக வையுங்கள். வேறு மெஷினிலிருந்து ஏஆர்பிங்கை பிராட்காஸ்டாக ஓடவிடுங்கள். ஒரு மணிநேரம் காத்திருந்து பிடிக்க வேண்டிய பிழை ஒரு நிமிடத்தில் வந்து நிற்கும். இப்போது நான் கைவைக்கும் எந்த டிரைவருக்கும் இதை முதல் நாளே ஓட்டிவிடுகிறேன்.

கீ சரி, ஆனாலும் ஃப்ரேம் தொலைகிறது என்றால் டீபக்எஃப்எஸ்ஸில் அந்தக் கீயின் ரீப்ளே எண்ணிக்கையை (பழைய பாக்கெட் எண்ணோடு வந்ததால் தூக்கிப்போட்ட ஃப்ரேம்கள்) பாருங்கள். அது ஏறினால் சிப் ஃப்ரேம்களை வரிசை மாற்றிக் கொடுக்கிறது, அல்லது பாக்கெட் எண்ணை நீங்கள் தப்பான இடத்திலிருந்து படிக்கிறீர்கள்.

எக்ஸ்86இல் நன்றாக ஓடி, ரௌட்டர் போர்டில் மட்டும் இப்படி அரைகுறையாக இருந்தால் இரண்டு சந்தேகம். பைட் வரிசை: ஸ்பார்ஸ் என்ற கோட் சோதனைக் கருவியை ஓட்டுங்கள், லிட்டில் எண்டியன் புலங்களை மாற்றாமல் படித்த இடங்களை அது காட்டிக்கொடுக்கும். இன்னொன்று அலைன்மென்ட்: க்யூஓஎஸ் டேட்டா ஹெடர் 26 பைட், நான்கால் வகுபடாது. பல சிப்கள் அங்கே 2 பைட் நிரப்பிக் கொடுக்கும். அதை நீக்காமல் மேலே அனுப்பக் கூடாது.

## அறிகுறி 5: வேகம் இல்லை

ஐடபிள்யூ ஸ்டேஷன் டம்ப் எடுத்து மூன்று எண்ணைப் பாருங்கள்: சிக்னல், டிஎக்ஸ் பிட்ரேட், ரீட்ரை எண்ணிக்கை.

பிட்ரேட் 54 மெகாபிட்டைத் தாண்டவே இல்லை என்றால் ஆக்சஸ் பாயின்டில் டிகிப் குறியாக்கம் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். டிகிப் (TKIP) அல்லது வெப் (WEP) என்ற பழைய குறியாக்கம் என்றால் மேக்80211 தானே 802.11என் வேகங்களை மூடிவிடும். ஏஇஎஸ்ஸுக்கு மாற்றினால் தீர்ந்தது. டபிள்யூஎம்எம் (ஃப்ரேம்களுக்கு முன்னுரிமை தரும் வசதி) அணைந்திருந்தாலும் இதே கதை.

2.4இல் மட்டும் மந்தம், பக்கத்தில் யூஎஸ்பி 3 டிஸ்க் ஓடுகிறது என்றால் டிஸ்கைக் கழற்றிப் பாருங்கள். யூஎஸ்பி 3இன் சிக்னல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்பும். டாங்கிளை ஒரு எக்ஸ்டென்ஷன் வயரில் தள்ளி வைத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பிட்ரேட் உயரமாகக் காட்டுகிறது, உண்மையான வேகம் 20, 30 மெகாபிட்டில் முட்டி நிற்கிறதா? அக்ரிகேஷன் நடக்கவில்லை. ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியாகப் போய், தனித்தனியாக அக் வாங்கிக்கொண்டிருக்கிறது. மானிட்டர் கார்டில் பிளாக் அக் தெரிகிறதா பாருங்கள். இல்லையென்றால் ஏஎம்பிடியூ (அக்ரிகேஷன்) கால்பேக்கில் தொடக்கத்தை ஏற்றுக்கொண்டு, தயாரானதை மேலே சொல்லாமல் விட்டிருப்பீர்கள்.

பிட்ரேட்டே அடிமட்டத்தில் கிடக்கிறது, சிக்னலோ அருமை என்றால், டீபக்எஃப்எஸ்ஸில் அந்த ஸ்டேஷனின் ரேட் கன்ட்ரோல் கணக்கைத் திறங்கள். மேக்80211இன் மின்ஸ்ட்ரெல் நீங்கள் சொல்லும் வெற்றி தோல்வியை வைத்துத்தான் வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறது. அக் வந்த ஃப்ரேமையும் தோல்வி என்று சொன்னால் அது பயந்து கீழே இறங்கும்.

டிஎக்ஸ் பவர் போதவில்லை, அளவீட்டு எண்களை மாற்றினால் என்ன என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். ரேடியோ அளவீடு செய்யும் கருவிகள் இருக்கும் லேபின் வேலை அது. சிப் தயாரிப்பாளரிடம் அனுப்புங்கள்.

## அறிகுறி 6: சும்மா இருக்கும்போது துண்டிக்கிறது

பவர் சேவை அணைத்துவிட்டு அரை மணி பாருங்கள். நின்றுவிட்டால் பவர் சேவ் பாதை; நிற்காவிட்டால் துண்டித்தது யார் என்று பாருங்கள். லாக்கில் "உள்ளூரில் உருவானது" என்று இருந்தால் துண்டித்தது நம் பக்கம், பீக்கன் (ஆக்சஸ் பாயின்ட் விடாமல் அனுப்பும் அறிவிப்பு) தொலைந்தது என்று டிரைவர் அவசரப்பட்டுச் சொல்கிறதா பாருங்கள். காரணம் 4 (சும்மா இருந்ததால் நீக்கியது) என்று எதிர்ப்பக்கமிருந்து வந்தால், நாம் தூங்கப்போவதாகச் சொன்ன null ஃப்ரேம் (டேட்டா இல்லாதது) போய்ச் சேரவில்லை, அல்லது எழுந்து கேட்கவில்லை. யூஎஸ்பி என்றால் ஆட்டோசஸ்பெண்டையும் அணைத்துப் பார்க்கவும்.

## அறிகுறி 7: தூங்கி எழுந்தால் கார்டு எழவில்லை

மெஷினை நிஜமாகவே தூங்கவைத்துச் சோதிப்பதற்கு முன், சிஸ்எஃப்எஸ்ஸின் பவர் டைரக்டரியில் பிஎம் டெஸ்ட் ஃபைலில் "டிவைசஸ்" என்று எழுதிவிட்டு சஸ்பெண்ட் கொடுங்கள். டிரைவர்களை மட்டும் தூங்கவைத்து, ஐந்து விநாடியில் எழுப்பிவிடும். இதிலேயே பிழை வந்தால் உங்கள் சஸ்பெண்ட், ரெஸ்யூம் கோட்தான். இதில் வராமல் நிஜத் தூக்கத்தில் மட்டும் வந்தால், மின்சாரம் உண்மையிலேயே போய்வருவது கோளாறு.

எழுந்த பிறகு எந்த ரெஜிஸ்டரைப் படித்தாலும் எல்லா பிட்டும் ஒன்றாக வருகிறதா? சிப் பஸ்ஸில் இல்லை. அந்த மதிப்பை ஸ்டேட்டஸ் என்று நம்பி இன்டரப்ட் ஹேண்ட்லர் எல்லா பிட்டுக்கும் வேலை செய்யக் கிளம்பினால் அடுத்து வருவது கிராஷ். ஹேண்ட்லரின் முதல் சில வரிகளிலேயே இதைச் சோதித்துத் திரும்பிவிடுங்கள். அப்புறம் ஏஎஸ்பிஎம்மை (பிசிஐ லிங்கின் மின்சேமிப்பு) அணைத்து பூட் செய்து பாருங்கள். சரியாகிவிட்டால் எல்லோருக்கும் அணைத்துவிடாதீர்கள், பேட்டரி போய்விடும். குறிப்பிட்ட சிப், குறிப்பிட்ட லிங்க் நிலைக்கு மட்டும் விலக்கு எழுதுங்கள்.

ரெஜிஸ்டர் சரியாக வருகிறது, ஃபர்ம்வேர் பதில் சொல்லவில்லை என்றால், தூக்கத்தில் சிப்பின் நினைவகம் அழிந்திருக்கும். ஃபர்ம்வேரை மறுபடி ஏற்ற வேண்டும். போர்டுக்குப் போர்டு மாறும் தூக்கக் கோளாறை நான் பயாஸ் எழுதியவர்களிடம் தள்ளிவிடுகிறேன். ஒரே கார்டு இரண்டு வேறு போர்டுகளில் நன்றாக எழுந்தால் அதற்கு மேல் டிரைவரில் தேடுவதில் பயனில்லை.

## அறிகுறி 8: கிராஷ், உறைதல், கழற்றும்போது தொங்குதல்

டீபக் கெர்னலுக்கு மாறுங்கள். சாதாரண கெர்னலில் கிடைத்த ட்ரேஸை வைத்து ஊகிக்க வேண்டாம்.

தூங்கக் கூடாத இடத்தில் தூங்கியதாக எச்சரிக்கை வந்தால் பெரும்பாலும் டிஎக்ஸ் கால்பேக்கில், அல்லது இன்டர்ஃபேஸ்களை அட்டாமிக்காகச் சுற்றிவரும் லூப்புக்குள் மியூடெக்ஸ் எடுத்திருப்பீர்கள்.

மெஷின் உயிரோடிருக்கிறது, ஐடபிள்யூ கமாண்ட் மட்டும் திரும்பவே இல்லை என்றால் டெட்லாக். லினக்ஸ் 5.12இல் வந்த wiphy பூட்டைப் பிடித்துக்கொண்டே, அதே பூட்டுக்காகக் காத்திருக்கும் ஒரு வொர்க்கை "முடியும்வரை காத்திருந்து ரத்து செய்" என்று சொன்னால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நிற்கும். லாக்டெப் இதை நடப்பதற்கு முன்பே சொல்லிவிடும்.

மாட்யூலைக் கழற்றிய பிறகு, சம்பந்தமே இல்லாத இடத்தில் நினைவகம் கெட்டுப்போகிறதா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். காசான் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே நம் டிரைவர் சுத்தம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். காசான் பார்ப்பது சிபியூ எழுதுவதை. சிப் டிஎம்ஏ வழியாக எழுதுவது அதன் கண்ணில் படாது. ஐஓஎம்எம்யூவை (சிப் எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று காவல் காக்கும் ஹார்டுவேர்) ஸ்ட்ரிக்ட் மோடில் ஓட்டுங்கள். விடுவித்த பஃபரில் சிப் எழுதினால் அந்த நொடியே முகவரியோடு லாக்கில் வரும். திருத்தம் வரிசையில் இருக்கிறது: மேக்80211இலிருந்து பதிவை நீக்கு, சிப்பின் டிஎம்ஏவை நிறுத்து, நின்றதை ரெஜிஸ்டரில் படித்து உறுதி செய், ஐஆர்க்யூவை விடு, டைமரையும் வொர்க்கையும் ரத்து செய், அப்புறம்தான் பஃபர்.

ஃபர்ம்வேர் விழுந்து எழுகிறது, லாக்கில் ஹார்டுவேர் ரீஸ்டார்ட் கேட்கப்பட்டதாக வருகிறது என்றால் உங்கள் வேலை அதன் பிரேதப் பரிசோதனை அறிக்கையை எடுத்துக் கொடுப்பது மட்டும். டெவ்கோர்டம்ப் ஃபைலை உடனே காப்பி செய்யுங்கள். ஐந்து நிமிடத்தில் கெர்னல் அதை அழித்துவிடும். உள்ளே என்ன என்று ஃபர்ம்வேர் எழுதியவர்கள்தான் படிக்க முடியும்.

## அறிகுறி 9: கெர்னலை மாற்றியதும் கெட்டுவிட்டது

பில்டே ஆகவில்லை. கெர்னல் மரத்துக்கு (கெர்னலின் அதிகாரபூர்வ சோர்ஸ் தொகுப்பு) வெளியே இருக்கும் டிரைவர் என்றால் இது வழக்கம். 4.15இல் பழைய டைமர் முறை போய் டைமர் செட்டப் வந்தது, 6.1இல் நாப்பி சேர்க்கும் ஃபங்ஷனிலிருந்து வெயிட் போயிற்று, 6.2இலிருந்து டிஎக்ஸ் க்யூவை எழுப்பும் கால்பேக் கட்டாயமாயிற்று. வெர்ஷன் சோதனைகளை அடுக்கிக்கொண்டே போவதைவிட டிரைவரை மரத்துக்குள் கொண்டுபோகும் வேலையைத் தொடங்குவது மேல். உள்ளே இருந்தால் ஏபிஐ மாற்றுகிறவரே உங்கள் டிரைவரையும் சேர்த்து மாற்றிவிடுவார்.

பில்ட் ஆகிறது, வேலை செய்யவில்லை. கிட் பைசெக்ட், அதாவது கமிட் வரிசையைப் பாதி பாதியாகப் பிரித்துக் கெடுத்த கமிட்டைத் தேடுவது. பயப்பட வேண்டாம், இரண்டு அடுத்தடுத்த வெளியீடுகளுக்கு நடுவே இருக்கும் சுமார் 14,000 கமிட்டுகளையும் 14 முறை பூட் செய்து முடித்துவிடலாம். வயர்லெஸ் டைரக்டரிகளுக்கு மட்டும் குறுக்கினால் இன்னும் குறையும், ஆனால் குற்றவாளி பிசிஐ பக்கமோ டிஎம்ஏ பக்கமோ இருந்தால் தப்பிவிடும். முடிவில் கிடைத்த கமிட்டைத் திருப்பிப்போட்டு ஒருமுறை உறுதி செய்யுங்கள்.

கிடைத்த கமிட் உங்கள் டிரைவரில் இல்லையென்றால் அங்கேயே கைமாற்றுங்கள். கெட் மெயின்டெய்னர் ஸ்கிரிப்டை அந்த ஃபைல்மேல் ஓட்டினால் யாரிடம் போக வேண்டும் என்று வரும். கடிதத்தில் இவை இருக்கட்டும்: நல்ல கமிட், கெட்ட கமிட், பிசிஐ அல்லது யூஎஸ்பி ஐடி, ஃபர்ம்வேர் பதிப்பு, பூட் முதல் பிழை வரை வெட்டாத டிமெசேஜ், மேக்80211 ட்ரேஸ், மானிட்டர் கார்டில் பிடித்த ஃபைல். ட்ரேஸையும் காற்றில் பிடித்ததையும் ஒரே ஓட்டத்தில் எடுங்கள். வேறு வேறு ஓட்டங்களில் எடுத்தால் நேரம் பொருந்தாது. ஃப்ரேம் எங்கே நின்றது என்று அவர் உங்களிடமே திரும்பக் கேட்க வேண்டியிருக்கும்.